கல்லீரலில் இரத்தக் குழாய்க் கட்டி

கட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே நமக்கு அடிவயிறு கலங்கிவிடுகிறது. நாங்கள் அறிந்த தோட்டத்து அம்மா ஒருவர், "கல்லீரலில் கட்டி" என்று கேட்ட மறுநாளே தாலிக்கொடியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். வைத்தியருக்குக் கொடுக்க அன்று, சாமியாடிக்குக் கொடுக்க! அவருக்கு இருந்ததோ இரத்தக் குழாய்க் கட்டி. மருத்துவர்கள் ஹெமாஞ்சியோமா என்பார்கள்.

கல்லீரலுக்குள் இரத்தக் குழாய்கள் பின்னிச் சுருண்டு, நனைந்த பஞ்சுபோல் ஓரிடத்தில் திரண்டிருப்பதுதான் அது. புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. 30 முதல் 50 வயதுவரையுள்ள பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. சம்சு குடிப்பதால் வருவதன்று. இதைக் கேட்டுக் குடிப்பவர்கள் மகிழவேண்டாம். சம்சு கல்லீரலைக் கெடுக்கும் வழி வேறு.

பெரும்பாலும் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும்; தொல்லை தராது. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். பெரிதானால் வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி, நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, குமட்டல் வரலாம். பித்தப்பைக் கல்லும் இரைப்பைப் புண்ணும் இதே தொல்லைகளைத் தரும். ஆதலால் மருத்துவர் அவற்றையும் சோதிப்பார்.

கட்டியைக் கீழாநெல்லி கரைக்காது. சிறிய கட்டியை அப்படியே விட்டுவிடுவதே வைத்தியம். "டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை" என்று கோபிப்பதில் பயனில்லை. பெரிதாயின் 6 மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். வலி பொறுக்க முடியாமற்போனாலோ வேகமாக வளர்ந்தாலோதான் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். பெரிய கட்டி உள்ளவர் வயிற்றை அழுத்தி நீவ விடலாகாது. அது வெடிப்பது மிக அரிது. எனினும் திடீரென்று கடும் வயிற்று வலியும் மயக்கமும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கருவுற்றவர்கள் கிளினிக்கில் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

கல்லீரல் அழற்சி 'பி' கிருமி உள்ளவர்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. அக்கிருமியால் கல்லீரல் புற்றுநோய் வரக்கூடும். எனவே கட்டி எத்தகையது என்று இன்னும் நுட்பமான படம் எடுத்து உறுதி செய்வார்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அதன் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல்தான். அதற்கு முன் பிறந்த நம் போன்றோர் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி மறந்துவிடாதீர்கள். அடுத்த முறை அளவை ஒப்பிட அது வேண்டும். தேதியை நாட்காட்டியில் குறித்து, பெரட்டில் முன்கூட்டியே சொல்லி விடுப்பு வாங்கிவிடுங்கள்.