புழலில் வீடு தேடுகிறீர்களா? தண்ணீர் போகும் வழியைக் கேளுங்கள்



வாடகை வீடு தேடுவது பற்றி, நல்ல அக்கம்பக்கம் பார்த்துக் குடிபோவது பற்றி நேயர்களிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் புரோக்கர் இல்லை, வக்கீலும் இல்லை. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வந்து கேட்டைத் தட்டி, மாடிப்படிக்குக் கீழே குனிந்து ரீடிங் எடுத்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவாரே, அந்த ஆள். சென்னையில் புழல், காவாங்கரை, கதிர்வேடு, சூரப்பட்டு, புத்தகரம் பக்கம் நான் நுழையாத சந்து குறைவு. எந்தத் தெருவில் குடித்தனக்காரர்கள் வருஷக்கணக்கில் நிலைக்கிறார்கள், எந்தத் தெருவில் 'டூலெட்' பலகை இறங்குவதே இல்லை என்பதெல்லாம் எங்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

புழலுக்கு ஏன் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்? ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, அதற்கப்பால் எண்ணூர் துறைமுகம். வடக்கே செங்குன்றத்து அரிசி ஆலைகள், தெற்கே மாதவரத்து லாரி செட்டுகள், அதையும் தாண்டினால் பாரிமுனை. இத்தனைக்கும் நடுவில் இருக்கிறது புழல். கொளத்தூர் வாடகை கட்டுப்படியாகாதவர் ரெட்டேரியைத் தாண்டுகிறார். அங்கேயும் முடியாதவர் புழலுக்கு வருகிறார். 2011ல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்களே, அப்போது புழல் பேரூராட்சியும், சூரப்பட்டு, கதிர்வேடு, புத்தகரம் ஊராட்சிகளும் மாநகருக்குள் வந்தன. கொஞ்சம் வடக்கே போய்விட்டால் செங்குன்றம். அது நாரவாரிக்குப்பம் பேரூராட்சி, திருவள்ளூர் மாவட்டம். வீடு பார்க்கும்போது இந்த எல்லையை விசாரித்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சாதிச் சான்றிதழுக்கோ ரேஷன் கார்டு மாற்றத்துக்கோ எந்த அலுவலகத்துக்கு அலைய வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

புழலில் வீடு பார்க்கிறோம் என்று சொன்னால் சொந்தக்காரர்கள், "உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்பார்கள். மத்திய சிறை 2006ல் சென்ட்ரல் பக்கத்திலிருந்து இங்கே வந்ததிலிருந்து இந்தக் கிண்டல் ஓயவில்லை. சிறையைப் பார்த்துப் பயந்து ஒரு குடும்பம் காலி செய்ததை நான் கண்டதில்லை. சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் பங்கில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் எங்கள் ஊர்க்காரர்கள். 2023ல் பெண் சிறைவாசிகளே வேலை பார்க்கும் பங்கும் புழலில் வந்துவிட்டது. சிறைக்காகக் காலி செய்தவர்கள் இல்லை. தண்ணீருக்காகக் காலி செய்தவர்கள் உண்டு. நான் பேச வந்ததே அதைத்தான்.

புழல் ஏரி நிரம்பினால் 3,300 மில்லியன் கன அடி. ஆழம் 21.20 அடி. ஐப்பசி, கார்த்திகையில் இந்த எண்கள் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஏரி 19 அடியைத் தாண்டியதுமே டீக்கடையில் பேச்சு மாறிவிடும். பிறகு அந்த அறிவிப்பு வரும். வானொலியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். உபரிநீர் திறக்கப்படுவதால் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட் லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் ஆகிய இடங்களில் கால்வாயின் இருபுறமும் தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் பாதுகாப்பாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று. வெளியூர்க்காரர்களுக்கு அது ஊர்ப்பெயர்ப் பட்டியல். வீடு தேடுகிறவர்களுக்கோ அதுதான் வரைபடம். ஏரியிலிருந்து எண்ணூர்க் கடல் வரைக்கும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்களில் வீடே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அங்கே காலங்காலமாக இருப்பவர்கள் என்னை வைவார்கள், வைவதும் நியாயம். ஒரே ஊரில் ஒரு தெரு நனையும், அடுத்த தெரு நனையாது. மேடு எது, பள்ளம் எது, கால்வாய் எந்த வீட்டுக்குப் பின்னால் போகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெயில் காலத்தில் வந்து பார்த்தால் கால்வாய் வெறும் புதராகத் தெரியும். புரோக்கர் அதைக் காட்டி, "பின்னாடி ஃபுல்லா காலி இடம் சார், காத்து பிச்சிக்கும்" என்பார். காற்று வரும்தான்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்குள் போவதற்கு முன்னால் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். மீட்டர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், ரீடிங் பார்ப்பதற்கு அதுதான் வசதி. ஒரு தெருவில் வரிசையாக நான்கைந்து வீடுகளில் மீட்டர் தலைக்கு மேலே இருந்தால், காரணம் இல்லாமல் ஏற்றியிருக்க மாட்டார்கள். பழைய பலகை இருந்த இடத்தில் ஆணி ஓட்டை இருக்கும், சுவரில் வேறு நிறத்தில் பூசியிருப்பார்கள். அப்படியே நடந்து தெருமுனையில் எங்கள் மின்பெட்டியைப் பாருங்கள், அதற்கடியில் புதிதாக மேடை கட்டியிருக்கிறதா என்று. வாசலில் படிக்கட்டு தெருவை விட எத்தனை உயரம்? எதிர்வீட்டுக்காரர் தரையைத் தூக்கி மறுபடி கட்டியிருக்கிறாரா? ஐந்து நிமிஷ வேலை. ஒருவரையும் கேட்கவே வேண்டாம்.

கால்வாய் ஓரத்துத் தெரு ஒன்றில் நான் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்பத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பையனும் அவன் மனைவியும் கீழ்ப் போர்ஷன் பார்க்க வந்திருந்தார்கள். அந்தப் பெண் கெட்டிக்காரி. "என்ன சார், மீட்டரை இவ்ளோ மேல வெச்சிருக்கீங்க, ஸ்டூல் போட்டுத்தான் பாக்கணும் போல" என்றாள். ஹவுஸ் ஓனர், "பசங்க கை வெக்கக் கூடாதுன்னுதாம்மா" என்றார். உள்ளேயிருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார். "ஏன்டா மறைக்கிற? அந்த டிசம்பர்ல தண்ணி பூந்து பழைய மீட்டரு முழுகிப் போச்சு கண்ணு. அதான் ஏத்திட்டோம்." ஓனருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர்கள் திரும்பிப் போகவில்லை, அதுதான் ஆச்சரியம். மாடிப் போர்ஷன் காலியாகும் வரை காத்திருந்து அதை எடுத்துக்கொண்டார்கள். மழை வலுத்தால் வண்டியை ஜி.என்.டி. சாலைப் பக்கம் மேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்தப் பாட்டி உண்மையைச் சொன்னதால் நிலைத்த குடித்தனம் அது.

உலகத்தில் நாம் மட்டும் இப்படி இல்லை. நெதர்லாந்தில் அல்மேரே என்று ஓர் ஊர், ஆம்ஸ்டர்டாமுக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் நிறைந்த ஊர். நீருக்கடியில் கிடந்த தரையைக் கரை கட்டி, இறைத்து, வற்றவைத்து, அதன்மேல் எழுப்பியது. முதல் வீடுகளில் ஆட்கள் குடிவந்தது 1976ல்தான். ஊரே கடல் மட்டத்துக்குக் கீழே. அந்த நாட்டில் நீர்மட்டத்தைக் கவனிப்பதற்கென்றே வாரியங்கள் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாகத் தேர்தலும் உண்டு. அங்கே வாடகைக்குப் போகிறவர் சமையலறையைப் பார்த்தால் போதும், தண்ணீரை வாரியம் பார்த்துக்கொள்கிறது. இங்கே குடிபோகிறவரே பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை நேரம் இதையே பேசுகிறேன்.

வெள்ளம் பாதி. வறட்சி மீதி. 2019 கோடையில் இதே ஏரி வெடித்த மண்ணாகக் கிடந்தது. ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மூன்று காலத்தைப் பற்றி விசாரியுங்கள்: 2015 டிசம்பர், 2019 கோடை, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல். யாரிடம்? ஓனரிடம் வேண்டாம், புரோக்கரிடம் கேட்கவே வேண்டாம். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், மளிகைக்கடை அண்ணாச்சி, கேன் தண்ணீர் போடும் தம்பி, இவர்களுக்கு எதையும் மறைக்க வேண்டிய அவசியமில்லை. கேன் தம்பியிடம், "இந்த வீட்டுக்கு வாரத்துக்கு எத்தனை கேன்பா போடுற?" என்று மட்டும் கேளுங்கள். போர் தண்ணீர் எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும். மெட்ரோ வாட்டர் குழாய் வந்திருக்கிறதா, வந்தால் எந்த நேரம், சம்ப் எவ்வளவு பெரிசு, பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்கா, லாரி கூப்பிட்டால் அந்தக் காசு யாருடையது. இதெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை.

அடுத்தது கரண்ட். இதைச் சொல்லாமல் போனால் என் பழைய சகாக்கள் மன்னிக்க மாட்டார்கள். தனி மீட்டரா, சப் மீட்டரா? நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது ஒரு இணைப்புக்கு. மூன்று போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு என்றால் அந்த நூறு யூனிட் மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்துத்தான். அதோடு மொத்த உபயோகம் கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். நீங்கள் ஒரு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும் வைத்திருப்பீர்கள், மேல் போர்ஷனில் ஏசி ஓடும், விலை ஏறியது யாரால் என்று மாடிப்படியில் சண்டை. இரண்டு பெண்கள் என்னை நடுவில் நிறுத்தி, "நீங்களே சொல்லுங்க சார்" என்று கேட்டிருக்கிறார்கள். நான் ரீடிங்கை மட்டும் சொல்லிவிட்டு நழுவியிருக்கிறேன். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதல் என்றாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. சப் மீட்டர்தான் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு, மோட்டார் கரண்டை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதிக்கு மேல் தண்ணீரும் கரண்டுமே எடுத்துக்கொண்டன. போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புழலுக்கு ரயில் நிலையம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் இந்தியாவின் முதல் ரயில் பாதை செங்குன்றத்தில்தான் போடப்பட்டது. 1837ல், சாலை போடக் கல் ஏற்றிக்கொண்டு போக. கல்லுக்கு ரயில் இருந்தது, நமக்கு 242, 114 பஸ்கள்தான். பாரிமுனைக்கு ஒன்று, கோயம்பேட்டுக்கு ஒன்று. வீடு பிடித்திருந்தால் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த ஸ்டாப்பிங்கில் போய் நின்று பாருங்கள், ஏற முடிகிறதா என்று. மெட்ரோ மாதவரம் பால்பண்ணையிலிருந்து வரப்போகிறது, வேலை நடக்கிறது. அதற்கு இப்போதே வாடகையில் சேர்த்துக் கேட்கிற ஓனர்கள் உண்டு. ரயில் ஓடும்போது கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருந்தால், கண்டெய்னர் லாரி ஓடும் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். காரில் போகிறவர்கள் பைபாஸில் சூரப்பட்டு சுங்கச்சாவடியையும் கணக்கில் சேருங்கள்.

ஒப்பந்தம். 2017ம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வேறுவிதமாகப் பேசி எழுதிக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கம், சட்டம் இல்லை. பேசிப் பாருங்கள், குறையும். தகராறு வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதற்கு ஓனருக்கு உரிமை கிடையாது. மாத வாடகை இல்லாமல் மொத்தமாக லீஸுக்குப் போகிறவர்கள் மட்டும் ஒன்று செய்யுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்து, கடன் கட்டாமல் வங்கி பூட்டுப் போட வந்தால் உங்கள் லட்சங்கள் வீதியில் நிற்கும்.

பேச்சிலருக்கு இல்லை, கவிச்சி சமைக்கக் கூடாது, என்ன ஆளுங்க நீங்க என்று கேட்கிற வாசல்களும் எங்கள் பக்கம் உண்டு. மறைக்க விரும்பவில்லை. துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வேலைக்கு வருகிறவர்களால் வாழ்கிற வட்டாரத்தில் இப்படிக் கேட்பது அசிங்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீடு தேடுகிறவர்களே, சுவரில் மழைக்கறை காய்வதற்கு முன்பே பார்த்து, மார்கழிக்குள் உங்களுக்கு நல்ல இடமாக அமைய வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிற ஹவுஸ் ஓனர்களிடம் ஒரு வேண்டுகோள். போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வாங்கி வையுங்கள். தண்ணீர் எந்த வருஷம், எந்தப் படி வரைக்கும் வந்தது என்று கேட்காமலே சொல்லிவிடுங்கள்.