கௌரியும் கெளரியும் ஒருவர்தானா?

(வட்டார வள மையத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



திரையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: கௌரி, கெளரி. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முதல் பெயரில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ‘கெ’ தனி, ளகரம் தனி. சேர்க்கைப் பட்டியலில் முதல் பெயரும் உதவித்தொகைப் பட்டியலில் இரண்டாவது பெயரும் இருந்தால், இரண்டையும் ஒப்பிடும் கணினிக்கு அவர்கள் வேறு வேறு மாணவிகள். பணம் நின்றுபோகும். பெற்றோர் நம்மிடம்தான் வருவார்கள், நாமும் பட்டியலைப் பார்த்துவிட்டு, “பெயர் சரியாகத்தானே இருக்கிறது?” என்போம்.

இது ஏன் நேர்கிறது? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தமே எழுத்துக் குறியீடு. எழுத்துரு என்பது அந்த எண்ணுக்கு நாம் போட்டுவிடும் சட்டை, அவ்வளவே. யூனிகோடு முறையில் ‘அம்மா’ என்று தட்டினால் உள்ளே பதிவாவது 2949, 2990, 3021, 2990, 3006. அதையே பழைய பாமினி எழுத்துருவில் தட்டினால் உள்ளே இருப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, பிறகு எச். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அம்மா இருக்கமாட்டார்.

இப்படி ஒரு காலத்தில் நிறுவனத்துக்கு ஒரு குறியீடு இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. இன்று கைப்பேசி முதல் இணையம் வரை புழங்குவது யூனிகோடுதான். ஆனால் நம் பள்ளிகளில்? தலைமையாசிரியர் அறைக் கணினியில் ஒன்று, ஆய்வகத்தில் ஒன்று, வினாத்தாள் தட்டச்சு செய்யும் தெருமுனை டிடிபி கடையில் இன்னொன்று. ஒரே மாணவியின் பெயர் இந்த மூன்று இடங்களையும் சுற்றி வருகிறது. அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அச்சில் அழகாக வந்தால் அவர் வேலை முடிந்தது. நமக்கு அச்சோடு முடிவதில்லை, ஆறு வருடம் கழித்தும் அந்தப் பெயரைத் தேட வேண்டும்.

பழைய கோப்புகளை மாற்றித் தர மாற்றி மென்பொருள்கள் இருக்கின்றன. பயன்படுத்துங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம். பலர் ளகரத்தையே தட்டிவைத்தார்கள். மாற்றும்போது கௌரி கெளரியாவது அங்கேதான். ‘கோமதி’யிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். இரண்டுமே யூனிகோடு விதிப்படி சரி. நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும். எல்லா மென்பொருளும் நல்ல மென்பொருள் அல்ல. கெளரியை மட்டும் எதுவும் தானாகத் திருத்தாது. ஏனென்றால் அது பிழையான குறியீடு அல்ல, பிழையான எழுத்து. ஆள்தான் பார்க்க வேண்டும்.

நீளமும் ஒரு தொல்லை. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். முத்துலட்சுமி நமக்கு 7 எழுத்து. கணினிக்கு 13 குறியீடு, 39 பைட். ஆங்கிலத்தை மட்டும் நினைத்துப் பெயருக்கு 30 பைட் ஒதுக்கிய நிரலில் அவள் ‘முத்துலட்ச’ என்று நின்றுவிடுவாள்.

கோப்பைத் திறந்ததும் தமிழ் தெரியவில்லையா? பதற்றத்தில் சேமித்துவிடாதீர்கள். வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை என்றுதான் பொருள், தரவு பத்திரமாக இருக்கும். கொம்பும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள் வரிசையாக வந்தால், யூடிஎஃப்-8 கோப்பை வேறு குறியீடாக நினைத்துத் திறந்திருக்கிறது. சேமிக்காமல் மூடி, எக்செலின் தரவு இறக்கும் வழியில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து திறந்தால் சரியாகிவிடும். கேள்விக்குறிகள் வந்தால்தான் கவலை. எழுத்து போய் அந்த இடத்தில் கேள்விக்குறியே பதிவாகியிருக்கும். எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, மூலக் கோப்புக்குத்தான் போக வேண்டும். எக்செல் கோப்பைச் சாதாரண சிஎஸ்வி ஆகச் சேமித்தால் இது நேரலாம். பக்கத்திலேயே ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று இன்னொரு தேர்வு இருக்கிறது, அதை எடுங்கள்.

எந்த விசைப்பலகையில் தட்டுகிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். தமிழ்99 என்றாலும் ஒலிபெயர்ப்பு என்றாலும் தட்டச்சு மென்பொருளின் வெளியீடு யூனிகோடாக இருக்கட்டும், பள்ளியின் எல்லாக் கணினியிலும். டிடிபி கடையிலும் யூனிகோடில் கேட்டு வாங்குங்கள், செய்து தருகிறார்கள்.

தேநீருக்குப் பிறகு, பென்டிரைவில் கொண்டுவந்திருக்கும் பெயர்ப்பட்டியலைத் திறந்து, ‘ெள’ என்று தட்டித் தேடுங்கள். வெள்ளையம்மாளும் தெளலத்தும் சேர்ந்தே வருவார்கள். வெள்ளையம்மாளை விட்டுவிடுங்கள், தெளலத்தைத் திருத்துவோம்.