அடைத்த கதவும் அமைதியும்

(ஆசிரியர் அரங்கொன்றில் ஆற்றிய உரை)



செபுதம்பர் 21ஆம் நாளை உலக அமைதி நாள் என்கின்றனர். ஒன்றிய நாடுகள் அவை 1981இல் அதனை ஏற்படுத்திப் பின்னர் 2001இல் இந்நாளை வரையறுத்தது. அன்று பள்ளிதோறும் வெண்புறா வரைவிப்பர். 'சாந்தி', 'சமாதானம்' என்று வடசொல் அடுக்கி முழங்குவர். அயற்சொல் ஆட்சி ஒருபுறம் இருக்க, நம் சொல்லாகிய அமைதியையே நம் வகுப்பறைகள் சுருக்கிவிட்டன. பிரம்பால் பலகையைத் தட்டி 'அமைதி, அமைதி' என்று அதட்டினால், 'வாயை மூடு' என்பதே மாணாக்கன் கொள்ளும் பொருள். 'அமை' என்னும் அடிக்குப் பொருந்துதல், நிறைதல், தகுதியுறுதல் என்னும் பொருள்கள் உள. 'இலக்கண அமைதி' என்கின்றோமே, அங்கே ஓசையின்மைக்கு என்ன வேலை?

இவ்வேறுபாட்டை இளையோர்க்குக் காட்டப் புறநானூற்றினும் சிறந்த பாடநூல் எனக்குத் தெரியவில்லை. சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருந்தான். உள்ளே நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டிருந்தான். வாளோடு வாள் மோதவில்லை, குருதி சிந்தவில்லை. ஆனால் உள்ளே யானைகள் தீனியின்றிப் பெருமூச்செறிந்தன, பாலின்றிக் குழவிகள் அலறின, பெண்டிர் பூவற்ற வெறுந்தலை முடித்தனர், மனைகளில் நீரில்லை. 44ஆம் பாட்டில் கோவூர்கிழார் இதனைச் சொல்லி, அறம் வேண்டின் 'நின்னது' என்று கொடுத்துக் கதவைத் திற, மறம் வேண்டின் போருக்குத் திற, இரண்டுமின்றி ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்று அரசன் முகத்துக்கு நேரே இடித்துரைக்கின்றார். இதனைப் படிப்பித்துவிட்டு, "போர் நடக்கவில்லையே, ஆவூரில் அமைதி நிலவிற்றா?" என்று கேளுங்கள். மாணாக்கர் தாமே சொற்போரில் இறங்குவர். அவ்வோசைக்கு அஞ்சித் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தாலும் கவலை வேண்டா.

45ஆம் பாட்டு உறையூர் முற்றுகை பற்றியது. பனம்பூ சேரனுக்கும் வேம்பு பாண்டியனுக்கும் அடையாளம். எதிர்நிற்பவன் அணிந்தது இவ்விரண்டும் அன்று. இருவர் கண்ணியும் ஆத்தியே. ஒருவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்கின்றார் புலவர்.

இப்பாட்டை இன்று வகுப்பறையில் நடத்தும்போது மாணாக்கரின் மணிக்கட்டைப் பார்க்காமல் நடத்த இயலுமா? தெருவுக்கொரு நிறத்தில் சாதிக்கயிறு! 2023 ஆகத்துத் திங்களில் நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த மாணாக்கன் ஒருவனை, அவன் வீட்டிற்கே சென்று, உடன்பயின்ற மாணாக்கரே அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் அரசு அமைத்த ஒருவர் குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு, 2024 சூனில் அறிக்கை அளித்தார். நிறக்கயிறு முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்பது அவர் பரிந்துரைகளுள் ஒன்று.

கயிற்றை அறுப்பது எளிது. அதைக் கட்டிவிட்ட கை பள்ளிக்கு வெளியே உள்ளது. இரு பையன்கள் அடித்துக்கொண்டால் கைகுலுக்கச் செய்து அனுப்பிவிடுகின்றனர் நம்மவர். அது கதவை அடைப்பதே. யார் யாரை என்ன சொல்லி இழித்தான், எத்தனை நாளாக என்று உசாவி, இழித்தவன் வாயாலேயே அதனைச் சொல்விப்பது கடினம். இரண்டு பாடவேளைகள் வீணாகும். பெற்றோர் வந்து கூச்சலிடுவர். கூச்சலிடட்டும். நெடுங்கிள்ளியின் முன்நின்ற புலவர்க்கு அதனினும் பெரிய இடர் இருந்தது. இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றன் எனக் கருதிக் கொல்லத் துணிந்தவன் அவன். அவரையும் பாடியே மீட்டார் கோவூர்கிழார். அது 47ஆம் பாட்டு.

ஒன்றை மட்டும் மாணாக்கரிடம் மறைக்காதீர்கள். "அப்படியானால் நெடுங்கிள்ளி அமைதியாக வாழ்ந்தானா?" என்று எவனேனும் கட்டாயம் கேட்பான். காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி என்றே அவனுக்குப் பெயர் வழங்குகின்றது. 'துஞ்சிய' என்பதன் பொருளை அகராதியில் அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.