விடாமுயற்சிக்கு ஓர் ஆங்கில அடைமொழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



தமிழ்ச் சங்கத்து மேடையில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் எண்ணக் கூடும். நம் நிலையைச் சற்று நினைத்துப் பார்த்தால் அவ்வையம் நீங்கும். பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு இங்கு வந்தவர் நாம். நம் மேலதிகாரியார் வங்காளியாராகவோ மராத்தியராகவோ பஞ்சாபியராகவோ இருப்பார். பேச்சு இந்தியில் நடந்தாலும், நம் குணநலனைக் குறித்து அவர் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஓர் ஆண்டு முழுதும் ஒருவர் பட்ட பாடு அங்கே ஓர் அடைமொழியாகச் சுருங்கி நிற்கிறது. பள்ளியிறுதி வரையே பயின்ற நாம் ஆங்கிலத்தைக் கல்லூரியில் கற்றோமல்லோம், கோப்புகளில் கற்றோம். ஆகவே இலக்கிய நயம் பேச வந்தோமென்று எவரும் அஞ்ச வேண்டா. கோப்பில் ஏறும் சொல்லைப் பற்றியே பேசப் போகிறோம்.

ஒரு சொல் எத்துணை வலியது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று சான்று. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயராக இருந்தவர் தேவ் தத் என்பார். அவர் மேற்பதவிக்கு உயர, ஐந்தாண்டுக் குறிப்புகளிலும் 'வெரி குட்' என்னும் மதிப்பு வேண்டும் என்பது விதி. 1993-94ஆம் ஆண்டிற்கு மட்டும் 'குட்' என்று எழுதப்பட்டிருந்தது. அதனை அவருக்கு எவரும் அறிவிக்கவுமில்லை. பதவி உயர்வு கைநழுவியது. 'குட்' என்றால் நல்லது. நல்லது என்பது எவ்வாறு கெடுதலாகும்? 'வெரி குட்' வேண்டிய இடத்தில் வெறும் 'குட்' பாதகமான குறிப்பே என்றும், எந்தக் குறிப்பாயினும் உரியவருக்குக் காட்டப்பட வேண்டும் என்றும் 2008இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அதற்கிசைய அரசாணையும் வந்தது. நம் தந்தையார் காலத்தில் சி.ஆர். என்றால் பெட்டியில் பூட்டி வைத்த இரகசியம். இன்று அதற்குப் பெயரும் மாறி, எழுதியதை நாமே படிக்கலாம். மாறுபட்ட கருத்திருப்பின் 15 நாள்களுக்குள் விண்ணப்பிக்கவும் செய்யலாம். படிக்கும் உரிமை வந்துவிட்டது. படித்த சொல்லின் எடை தெரிய வேண்டுமல்லவா?

எல்லாக் குணங்களையும் பேச நேரமில்லை. நம்மவர் குறிப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் விடாமுயற்சி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

திருவள்ளுவர் இதற்கு ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் முன்னும் பின்னும் ஊக்கம், மடியின்மை, இடுக்கணழியாமை என உறவுக் குணங்களை நிறுத்தினார். ஆங்கிலத்தில் அவ்வாறு வரிசையாக நிற்பதில்லை. அடைமொழிகள் கூட்டமாய் நின்று, என்னை எடு, உன்னை எடு என்கின்றன. நம் நாட்டு நற்சான்றுகளை எழுதுவோர் பலர் அக்கூட்டத்தை ஏறிட்டும் பாராமல், 'ஹார்டு ஒர்க்கிங் அண்டு ஸின்ஸியர்' என்று எழுதிக் கையொப்பமிடுகின்றனர். ஸின்ஸியர் என்பதற்கு ஆங்கிலேயர் கொள்ளும் பொருள் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர் என்பது. நாமோ வேலையில் கருத்துடையவர் என்னும் பொருளில் ஆளுகிறோம். அதனால் கேடொன்றுமில்லை, படிப்பவர் மனத்தில் எதுவும் பதிவதுமில்லை.

கேடு வருவது 'பெர்ஸிஸ்டென்ட்' போன்ற சொல்லால். அகராதியைப் பார்த்தால் விடாது தொடர்பவர் என்றே இருக்கும். ஆயின் ஒரு சொல்லின் குணம் அதன் கூட்டாளிகளால் தெரியும். பெர்ஸிஸ்டென்ட் என்பதோடு சேர்ந்து வருவன யாவை? இருமல், மழை, முறையீடு, கடன் செலுத்தாதவர்! முயற்சி என்னும் சொல்லோடு சேருமாயின் அது நன்றே. தனியே ஒரு மனிதர் மேல் வைத்தால், விரட்டினாலும் போகாதவர் என்னும் வாடை வீசும்.

'டெனேஷஸ்' என்பது அவ்வாறன்று. பற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது அது. நம் உடும்புப்பிடி அதற்கு நேர். நம்மிடமும் குரங்குப்பிடி என்று வேறொன்று உண்டு, அது பழிப்பு. பிடி ஒன்றே, பிடித்த விலங்கு வேறு. ஆங்கிலேயரும் இதற்கு விலங்குகளைத் துணைக்கழைத்தனர். கோவேறு கழுதையைக் கொண்டு ஒரு சொல், பன்றித் தலையைக் கொண்டு ஒரு சொல், இரண்டும் ஏசல். நாயைக் கொண்டு ஒரு சொல் 'டாகிட்'. அது ஏசலன்று, மதிப்புரையே. மதிப்புரையாகும்போது அதனை டா-கிட் என ஈரசையாக ஒலிக்க வேண்டும் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்க. நாய் போன்றவர் என்று தமிழில் பெயர்த்து எவருக்கேனும் பிரிவுபசாரப் பத்திரம் வாசித்துவிடாதீர்கள். மாலை போட்டவரே கழற்றிக்கொள்வார்.

1948இல் பி.பி.சி. வானொலியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வேடிக்கையாக ஒன்றைக் காட்டினார். ஒரே குணம் நம்மிடம் இருந்தால் உறுதி என்போம். எதிரே இருப்பவரிடம் இருந்தால் பிடிவாதம் என்போம். அங்கே இல்லாதவரிடம் இருந்தால் பன்றித்தலை மூடத்தனம் என்போம் என்பது அதன் கருத்து. குறிப்பு எழுதப்படும்போது நாம் எப்போதும் அங்கே இல்லாதவராகவே இருக்கிறோம். இது சிந்திக்கத் தக்கது.

எனின், சரியான சொல்லைக் காண்பது எவ்வாறு? பெரிய சொல் எது என்று தேடுதல் வீண். அவர் எதனைத் தாங்கி நின்றார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கயை மாவட்டத்துக் கெலௌர் என்னும் சிற்றூரில் தசரத் மாஞ்சி என்றொரு கூலித் தொழிலாளர் இருந்தார். வைத்தியரை நாட வேண்டுமாயினும் ஊரார் ஒரு மலையைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 1960இல் சுத்தியலும் உளியும் எடுத்துத் தனி ஒருவராய் அம்மலையை வெட்டத் தொடங்கினார். 1982இல் வழி திறந்தது. நீளம் 360 அடி, அகலம் 30 அடி. தொடக்கத்தில் ஊரார் அவரைப் பித்தர் என்று நகைத்தனர். 1965இல் எவரேனும் அவரைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் 'ஆப்ஸ்டினேட்' என்றுதான் எழுதியிருப்பார். 2007இல் அவர் மறைந்தபோது பீகார் அரசு அரச மரியாதை செய்தது. உளியும் மாறவில்லை, மலையும் மாறவில்லை, மனிதரும் மாறவில்லை. சொல் மட்டும் மாறிற்று. அவருக்கு நாம் தேர்வது டாகிட் என்பதையே. அதில் மினுக்கு இல்லை. குனிந்த தலையும் புழுதியும் தெரிகின்றன.

அதே சொல்லை உ. வே. சாமிநாத ஐயருக்கு இடலாமா? 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1898இல் மணிமேகலை எனப் பதிப்பித்தவர் அவர். ஊர் ஊராய் ஏடு தேடியது ஒரு புறம். செல்லரித்த ஓலையில் ஓர் எழுத்துக்காக ஒன்பது பிரதிகளை ஒப்பிட்டு உட்கார்ந்திருக்கும் வேலை மறுபுறம். அங்கே தாங்க வேண்டியது பாறையை அன்று, சலிப்பை. அதற்குச் சொல் 'அஸிட்யுவஸ்'. அருகே அமர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். வேலையின் பக்கத்தைவிட்டு எழாதவர் என்க. நம்மை மதிப்பிடுவதைக் குறிக்கும் 'அஸெஸ்' என்னும் சொல்லும் அவ்வேரிற் பிறந்ததே. உழைப்பவரும் மதிப்பிடுபவரும் ஒரே வேரில் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் நாற்காலி சற்று உயரம்!

'இன்டிபாட்டிகபிள்' என்னும் நீண்ட சொல்லை ஓய்வு பெறுவோர்க்கெல்லாம் சூட்டுவது நம் வழக்கம். களைப்பே அறியாதவர் என்பது பொருள். அப்பெயர் தாங்கிய ஆங்கிலப் போர்க்கப்பல் 1916இல் ஜட்லாந்துப் போரில் மூழ்கியது. ஆகவே அளவோடு ஆளுக.

இனி, நாம் நேரிற் கண்ட ஒன்று. ஓர் அலுவலகத்தில், அதன் பெயர் வேண்டா, செட்டில்மென்ட் பிரிவில் நம்மவர் ஒருவர் இளநிலை எழுத்தராயிருந்தார். பணியிலிருக்கும்போது இறந்த ஒரு கேங்மேனின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. சர்வீஸ் ரிஜிஸ்தரில் அவ்வம்மையார் பெயர் ஒருவிதமாகவும், இறப்புச் சான்றோடு வந்த தாள்களில் வேறுவிதமாகவும் இருந்ததே காரணம். இளைஞர் பதினான்கு மாதங்கள் விடவில்லை. கடிதம், நினைவூட்டு, மறுநினைவூட்டு. பிறகு கோப்பைக் கையிலெடுத்துக்கொண்டு அறை அறையாய் நடை. ஓய்வூதியம் வந்தது. ஆண்டுக் குறிப்பும் வந்தது. அதில் 'பெர்ஸிஸ்டென்ட், அட் டைம்ஸ் ஆப்ஸ்டினேட்' என்றிருந்தது.

அவர் அதனைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டி, "அண்ணா, இது புகழ்ச்சியா, இகழ்ச்சியா?" என்று கேட்டார். முற்பாதியை விட்டுவிடு, பிற்பாதியை விடாதே என்றோம். விண்ணப்பத்தில் சினத்திற்கு இடமளிக்கவில்லை. கோப்பின் எண், நாள், ஓய்வூதியம் ஆணையான தேதி ஆகியவற்றை மட்டும் எழுதி, இச்செயலைக் குறிக்க 'டெனேஷஸ் இன் பர்ஸுயிங் ஸெட்டில்மென்ட் டியூஸ்' என்பது பொருந்தும் எனப் பணிவுடன் வேண்டினோம். எதனைப் பற்றினார் என்பதை அடைமொழியோடு கட்டிவிட்டால், அதனைக் குறையாகத் திருப்புவது எளிதன்று என்பது நம் எண்ணம். மூன்று வாரங்களில் விடை வந்தது. ஆப்ஸ்டினேட் நீங்கிற்று. டெனேஷஸ் ஏறவில்லை, பெர்ஸிஸ்டென்ட் அப்படியே நின்றது. இளைஞருக்குப் பாதி மகிழ்ச்சி. அவ்வம்மையாருக்கு இந்தச் சொற்போர் எதுவும் தெரியாது; மாதந்தோறும் வங்கிக்குச் செல்கிறார்.

நம் சங்கத்து மாணவர் பலர் நற்சான்று எழுதித் தருமாறு பெரியோர்களை அணுகுகின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உயர்ந்த அடைமொழி ஒன்றைக் கேட்டு வாராதீர்கள். எத்தனை முறை தோற்றீர்கள், எங்கே நடந்தீர்கள், எவர் நகைத்தார், எதனை முடித்தீர்கள் என்று அரைப்பக்கம் தமிழிலேயே எழுதி வாருங்கள். அகராதியோடு நாம் காத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் சங்கத்தின் நூலகத்தில் இருப்போம்.