இசட் டிரைவ் எங்கே போச்சு?

(கூட்டமைப்பு பொதுக்குழுவில் அலுவலகப் பணியாளர்கள் பேசியது)



நம்ம ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர் இருப்பதைப் பார்த்திருப்பீங்க. ஆனால் உங்க கணக்கு அந்த மூன்றிலும் இல்லை. மூலையில் மேசைக்கு அடியில் இருக்கிற சர்வர் என்ற பெட்டியில்தான் எல்லாக் குழுவின் சேமிப்பும் கடனும் இருக்கு. 'இசட் டிரைவ்' என்ற வாசல் வழியாகத்தான் நாங்கள் உள்ளே போய் எழுதுகிறோம்.

போன மாதம் தவணை கட்டும் நாளில் கரண்டு போய் வந்தது. பார்த்தால் இசட் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. திறக்கவே இல்லை. வெளியே நீங்கள் எல்லாம் வரிசையில் நிற்கிறீங்க. அவசரத்தில் ஒரு தப்பு செய்தோம். ஒரு கம்ப்யூட்டரில் கிடந்த பழைய நகலில் அன்றைய வரவை எழுதினோம். சாயங்காலம் மெக்கானிக் தம்பி வந்து சரிசெய்தார். நகலில் எழுதியதைச் சர்வரில் ஏற்ற மறந்தே போனோம். மறுவாரம் ஒரு அக்காவிடம், "தவணை பாக்கி இருக்கே" என்று கேட்டுவிட்டோம். அவர் பேசாமல் பாஸ்புக்கை நீட்டினார். அதில் இருந்தது எங்கள் கையெழுத்து! அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறோம்.

நடந்தது இதுதான். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. எண் உண்டு. கரண்டு போய் வந்ததும் மோடம் சர்வருக்கு வேறு எண் கொடுத்துவிட்டது. நாங்கள் பழைய எண்ணிலேயே போய்த் தட்டிக்கொண்டிருந்தோம். கணக்கு பத்திரமாகத்தான் இருந்தது, வழிதான் மாறிப்போச்சு. இப்போது சர்வருக்கு மாறாத எண் போட்டாச்சு.

இனி சிவப்புக் குறி வந்தால் பதறமாட்டோம். முதலில் அதையே இரண்டு முறை தட்டிப் பார்ப்போம். கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால் சர்வரே இணைப்பை விட்டுவிடும், தட்டினால் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால் மற்ற கம்ப்யூட்டரைப் பார்ப்போம். ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் அதன் வயரோ பாஸ்வேர்டோ காரணமாக இருக்கும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஒரு கம்ப்யூட்டரில் சொல்ல மறப்பது எங்கள் வழக்கம்! மூன்றிலும் இல்லை என்றால் சர்வரையும், வயர்கள் சேரும் சுவிட்ச் பெட்டியையும் பார்க்கணும். சுவிட்சில் விளக்கு எரியாத துளையில் வயர் கழன்றிருக்கும். பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே போதும்.

கம்ப்யூட்டரில் 'பிங்' என்று அடித்து சர்வரின் எண்ணைப் போட்டால் பதில் வருதா என்று தெரியும். வந்தால் வழி சரி, பாஸ்வேர்டைப் பார்க்கணும்.

பழைய சர்வர், புது கம்ப்யூட்டர் என்றால் 'எஸ்.எம்.பி. ஒன்று' என்ற பழைய முறையைத் திறந்துவிடச் சிலர் சொல்வார்கள். 2017 மே மாதம் 'வான்னாகிரை' வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். நாங்கள் திறக்கமாட்டோம்.

டிரைவ் இல்லாத நாளில் இனி நகலில் எழுதுவதில்லை. ரசீதும் நோட்டும்தான். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புக் கொண்டு வாங்க. போன மாத வரவை ஒவ்வொன்றாக உங்கள் முன்னால் ஒத்துப் பார்க்கிறோம்.