குமாரமங்கலத்து மருமகள்

திருச்செங்கோட்டு மலைமேல் எழுந்தருளியிருக்கும் மாதொருபாகனைத் தரிசித்தவர்கள், ஆணும் பெண்ணும் ஒரே திருமேனியில் சரிபாதியாக நிற்பதைக் கண்டிருப்பார்கள். கோயிலில் கைகூப்பி ஏற்றுக்கொண்ட அந்தச் சரிபாதியை, வாக்குச்சாவடியில் ஏற்றுக்கொள்ள நம் நாட்டுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதற்காக வாதாடியவருள் ஒருவர், அம்மலைக்கு அருகிலுள்ள குமாரமங்கலத்துக்கு மருமகளாக வந்த ராதாபாய் சுப்பராயன்.

அவர் 1891-இல் மங்களூரில் பிறந்தார். தந்தையார் குத்முல் ரங்கராவ், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் கல்விக்காக உழைத்தவர். ராதாபாய் சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். கணவர் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர்.

பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கச் சென்னைச் சட்டசபை 1921-இலேயே இசைந்தது. ஆயினும் வாக்களிக்கச் சொத்து வேண்டும் என்பது விதி. நிலமும் வீடும் ஆண்கள் பெயரில் இருக்கையில், அவ்வுரிமை எத்தனை பெண்களுக்குப் பயன்பட்டிருக்கும்?

1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து சென்ற பெண்கள் இருவரே. ஒருவர் பேகம் ஷா நவாஸ், மற்றவர் ராதாபாய். சட்டசபைகளில் பெண்களுக்குச் சில காலத்துக்கேனும் இடங்களை ஒதுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1932-இல் லோதியன் பிரபுவின் வாக்குரிமைக் குழுவிலும் ராதாபாய் பணியாற்றினார். நாட்டின் பெரிய மாதர் சங்கங்களோ இதை எதிர்த்தன. “சலுகை வேண்டா, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும்” என்பது அவர்கள் கட்சி. சமத்துவம் கேட்பவர் தனியிடம் கேட்கலாமா என்றது ஒரு பக்கம். கதவு திறவாதிருக்கையில் உள்ளே நுழைவது எவ்வாறு என்றது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருந்தது.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8 இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. சொத்துடையோரின் மனைவியரும் எழுத்தறிந்த மாதரும் வாக்காளராயினர். சேலத்துச் சோளக்காட்டில் கூலிக்குக் களையெடுத்த பெண் வெளியிலேயே நின்றாள். ஒதுக்கீடு கேட்ட ராதாபாயோ, 1938-இல் பொதுத் தொகுதியில் வென்று, மத்திய சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினரானார்.

கூலிக்காரப் பெண்ணுக்கும் வாக்கு வந்தது 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பினால். எனினும் முதற் பொதுத் தேர்தலுக்கான பட்டியலில், தம் பெயரைச் சொல்லாமல் “இன்னார் மனைவி, இன்னார் மகள்” என்று மட்டும் பதிந்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடநாட்டவர், நீக்கப்பட்டனர்.

ராதாபாய் 1960-இல் மறைந்தார். அவர் எழுப்பிய வினா மறையவில்லை. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கும் திருத்தம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, அந்தப் பழைய வழக்கே மீண்டும் பேசப்பட்டது.

மாணவ மாணவியரே! பதினெட்டு வயது நிரம்பியதும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைப் பதிவு செய்வீர்கள். உங்கள் பாட்டியின் பெயரும் அதில் உண்டா என்று அன்று பாருங்கள். அந்த ஒரு வரிக்காக எத்தனை ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.