பழைய மோட்டார் சைக்கிளின் முன் போர்க்

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடியுமுன் பால்வெட்டுக்குப் போவதும், செம்பனைக் காட்டுக்குப் போவதும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவதும், சம்பளம் வந்ததும் பகாவ் பட்டணத்தில் சாமான் வாங்கித் திரும்புவதும் அந்த ஒரே வண்டியில்தான். அதுவும் பெரும்பாலும் வயதான வண்டி. அப்பா ஓட்டிய ஹோண்டா சி70 இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. 1996-இல் கெடா மாநிலத்துக் குருணில் தயாராகி வெளிவந்த மொடெனாஸ் கிரிஸ் வண்டிகளில் முதலில் வந்தவற்றுக்கும் முப்பது வயதாகிறது. இந்த வண்டிகளின் எஞ்சினை நாம் கவனிக்கிறோம். எண்ணெய் மாற்றுகிறோம், சங்கிலியை இறுக்குகிறோம். முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு கால்களை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டறையில் இதைப் போர்க் என்பார்கள். இன்று அதைப்பற்றித்தான் பேசப்போகிறோம்.

செம்மண் சாலையில் ஓடிய வண்டியைக் கழுவிய மறுநாள் முன்கால்களைப் பாருங்கள். பளபளக்கும் பைப் அலுமினியக் காலுக்குள் நுழையும் இடத்தில் கறுத்த வளையமாகச் சேறு ஒட்டியிருந்தால், அது வெறும் சேறு அல்ல; எண்ணெயோடு கலந்த சேறு. உள்ளேயிருக்கும் எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம். "கசிந்தால் என்ன, வண்டி ஓடுகிறதே" என்று விட்டுவிடுகிறோம். அந்த எண்ணெய் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். காலோரமாக வழிந்து அச்சுக்கு வருகிறது. டிரம் பிரேக் வண்டியானால் மூடித் தகட்டின் விளிம்பு வழியே உள்ளே புகலாம். டிஸ்க் பிரேக் வண்டியானால் நேரே தட்டின்மேலேயே படியலாம். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்த நிலையில் முன் பிரேக்கை எண்ணெயில் ஊறவிடுவது சின்ன விஷயமில்லை.

முதலில் நம் வண்டி எந்த இனம் என்று தெரிந்துகொள்வோம். சி70 போன்ற பழைய ஹோண்டா கப் வண்டிகளில் முன்கால் தகட்டை அழுத்திச் செய்தது. அதன் அடியில் இரண்டு சிறிய கைகள் முன்னோக்கி நீண்டு சக்கரத்தைத் தாங்குகின்றன. 1958-இல் முதல் சூப்பர் கப் வந்தபோதே இந்த அமைப்புத்தான். இதில் நாம் ஊற்றவேண்டிய எண்ணெய் எதுவும் இல்லை. கைகள் அசையும் மூட்டிலுள்ள புஷ்கள் தேய்ந்தால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். அவற்றை மாற்றிக் கிரீஸ் பூசினால் போதும். உள்ளேயுள்ள சிறு ஷாக் செத்துப்போனால் புதிதுதான் வாங்க வேண்டும். இந்த வண்டியில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்பக்கம் தாழாமல் சற்று எழும்பும். அது நோயல்ல, அதன் பிறவிக்குணம்.

கிரிஸ் முதலான பிற்கால வண்டிகள் வேறு இனம். ஒரு பைப் இன்னொரு குழலுக்குள் ஏறி இறங்கும். உள்ளே நீண்ட சுருள் ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் விழும்போது ஸ்பிரிங் தாங்குகிறது. ஆனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி குதித்துக்கொண்டேயிருக்கும். சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போதுதான் அந்தக் குதிப்பு அடங்குகிறது. 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் ஆர்12 வண்டியில் எண்ணெயால் அடங்கும் இப்படிப்பட்ட போர்க்கைப் போட்டு விற்றது. நம் கப்சாய் வண்டியில் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். இதைத்தான் இனி வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டப்போகிறோம்.

கடைக்குப் போய் இரண்டு ஆயில் சீல் வாங்கி வந்து மாட்டினால் வேலை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு மாதத்தில் மறுபடி கசிகிறது. "சீல் மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பல சமயங்களில் குற்றம் சீலில் இல்லை, பைப்பில் இருக்கிறது. சீலின் உதடு மென்மையான ரப்பர். பைப்பின் மேல் துருப்பிடித்த சிறு குழி ஒன்று இருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அது அந்த உதட்டை அரம்போல் அராவும். ஆகவே சீல் வாங்குமுன் பைப்பைப் பார்க்க வேண்டும். பைப் கெட்டிருந்தால் சீலுக்குக் கொடுக்கும் காசு வீண்.

தோட்டத்து வண்டிக்கு இந்தத் துரு சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. உர மூட்டை வண்டியின் முன்னால் ஏறுகிறது, பொடி பைப்பில் சிந்துகிறது, மாலை மழை அதைக் கரைக்கிறது. இரும்பை அரிக்க அது போதும். ரப்பர்ப்பாலை உறைய வைக்கும் அமிலம் தெறித்தாலும் அப்படித்தான். உரம் ஏற்றிய அன்று முன்கால்களின்மேல் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடும் வீட்டில் பைப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும்.

இனி வேலைக்கு வருவோம். அடுப்புக்குத் தூரமாக, நிழலில், பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் வேண்டாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரம் தரையைத் தொடாமல் செய்யுங்கள். அண்ணனோ தம்பியோ ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்வது நல்லது. சக்கரம் தொங்கும்போதே கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் ஹேண்டில் கழுத்திலுள்ள குண்டுகள் தளர்ந்திருக்கலாம். அந்த நோயைப் போர்க்கின்மேல் போட்டு வீண்செலவு செய்யக்கூடாது.

ஒவ்வொரு காலின் அடியிலும், அச்சுக்குக் கீழே, ஆழத்தில் ஓர் அலன் போல்ட் இருக்கும். எதையும் பிரிக்குமுன், ஸ்பிரிங் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும்போதே, அதைக் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு தளர்த்தப்போனால் உள்ளேயுள்ள தண்டும் கூடவே சுற்றும், போல்ட் வராது. அப்படி மாட்டிக்கொண்டாலும் கலங்க வேண்டாம். துடைப்பக் கட்டையின் நுனியைச் சற்றுக் கூராகச் சீவி, மேலிருந்து பைப்புக்குள் விட்டு அழுத்திப் பிடித்தால் தண்டு நின்றுவிடும்.

சக்கரத்தைக் கழற்றும்போது மீட்டர் கேபிள், பிரேக் கேபிள், அச்சின் இரு பக்கத்து வளையங்கள் ஆகியவை எந்தப் பக்கம் இருந்தன என்று பிள்ளைகளின் பள்ளி நோட்டில் ஒரு படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் இன்னும் சுலபம். மட்காட்டை எடுத்து, கால்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மெல்லத் திருகியபடி கீழே இழுத்தால் கால்கள் வந்துவிடும். மேல் மூடி சில வண்டிகளில் மரையுள்ள போல்ட்; சிலவற்றில் கம்பி வளையம் தடுத்து நிறுத்திய தக்கை. எதுவானாலும் அதன் கீழே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கின் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருந்தால் அந்த முனை மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயைப் பழைய டின்னில் வடித்து அதன் நிறத்தைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஈயச் சாம்பல்போல் மின்னினால் உள்ளே உலோகம் உராய்ந்து தேய்கிறது. வடித்த எண்ணெயைக் கால்வாயிலோ கீரைப் பாத்தியிலோ ஊற்றக்கூடாது. பழைய எஞ்சின் எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையிலேயே கொடுத்துவிடலாம்.

அடிப் போல்ட்டை முழுதும் எடுத்தால் பைப் தனியே உருவி வரும். இப்போதுதான் முக்கியமான பரிசோதனை. பைப்பைத் துடைத்து, வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றி, நகத்தால் மேலிருந்து கீழாக வருடுங்கள். நகம் எங்கேயாவது தடுக்கிறதா? பஞ்சைத் தேய்த்தாலும் தெரியும். குழியிருக்கும் இடத்தில் நூல் சிக்கும். சீல் ஏறி இறங்காத மேற்பகுதியில் துரு இருந்தால் பாதகமில்லை. மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எண்ணெய் பூசினால் போதும். சீல் ஓடும் பகுதியில் குழி விழுந்திருந்தால் பைப்பை மாற்றுவதே சரி. குழியில் பசையை அடைத்துத் தேய்க்கிறவர்கள் உண்டு. அது நாலு நாள் ஒட்டு. நாம் அதைச் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை.

அடுத்து வளைவு. கனத்த கண்ணாடித் துண்டின்மேல் பைப்பை உருட்டுங்கள். நேரான பைப் சீராக உருளும். வளைந்தது தடுக்கித் தடுக்கிப் போகும், அடியில் வெளிச்சம் தெரிந்து மறையும். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு ஆகாது என்று பல கம்பெனிக் கையேடுகள் சொல்கின்றன. அது ஒரு நகத்தின் கனம்கூட இல்லை. ஒரு தடவை வண்டி காண்டாவில் விழுந்திருந்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது. வளைந்த பைப்பை நிமிர்த்தி ஓட்டுவது பிள்ளையைப் பின்னால் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஏற்றதல்ல. ஸ்பிரிங்குகளையும் பக்கம் பக்கமாக நிறுத்திப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பழைய சீலை எடுக்க, முதலில் தூசிச் சீலையும் கம்பி வளையத்தையும் நீக்கி, அலுமினிய விளிம்பில் துணியை மடித்து வைத்து, டயர் நெம்புகோலால் கிளப்புங்கள். விளிம்பு கீறினால் புதுச் சீலும் அங்கேயே கசியும். சீலின்மேல் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். 26, 37, 10.5 என்றிருந்தால் உள் விட்டம், வெளி விட்டம், கனம் என்று பொருள். பழைய சீலையே கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். அடிப் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷரும் கேட்டு வாங்குங்கள். அது சல்லிக்காசுச் சாமான். ஆனால் பழையதைப் போட்டால் அடியிலிருந்து கசியும்.

எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, பைப்பையும் தண்டையும் காலில் இறக்கி, அடிப் போல்ட்டை இறுக்குங்கள். பிறகு சீல். எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்கவேண்டும். பைப்பின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, எண்ணெய் தடவி, அதன்மேல் சீலை ஏற்றினால் உதடு கிழியாது. அடித்து இறக்க, பைப்புக்கு வெளியே சரியாக நுழையும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று போதும். பழைய சீலை மேலே வைத்து அதன்மேல் தட்டினால் புதியது நேராக இறங்கும். கம்பி வளையம் தன் பள்ளத்தில் முழுவட்டமாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கைக்கணக்கு உதவாது. எவ்வளவு ஊற்றவேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டிலோ, அந்த வண்டியை அறிந்த பட்டறையிலோ கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்கவேண்டும். மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் கிண்ணம் இதற்குப் போதும். பிறகு அது சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கூடுதலாக ஊற்றினால் மேலே காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறிச் சீலையே பிதுக்கிவிடும். எஞ்சின் எண்ணெயில் மிஞ்சியதை ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது பெரும்பாலும் கனத்த எண்ணெய். வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த செம்மண் சாலையில் முன்பக்கம் கட்டைபோல் விறைத்து, சக்கரம் தரையை விட்டுத் தாவும். போர்க்குக்கென்று விற்கும் 10 எண் எண்ணெய் நம் சிறு வண்டிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஊற்றியபின் பைப்பை மெல்ல ஏற்றியிறக்கிக் குமிழிகளை வெளியேற்றி, ஸ்பிரிங்கைப் போட்டு மூடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஒன்றை மட்டும் இரண்டு பேர் தனித்தனியே பார்க்கவேண்டும். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் தகட்டில் ஒரு வெட்டுப் பள்ளம் இருக்கும். அலுமினியக் காலில் அதற்கேற்ற ஒரு முளை இருக்கும். முளை பள்ளத்துக்குள் உட்காரவேண்டும். அது விலகியிருந்தால், பிரேக்கை அழுத்திய கணத்தில் தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கேபிளை இழுத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் தலைகீழாகப் போவார். எண்ணெய் ஊறிய பிரேக் ஷூக்களைத் துடைத்துப் பயன்படுத்தாமல் புதிதே போடுங்கள்.

அச்சு நட்டைக் கடைசியில் இறுக்க வேண்டும். முதலில் சக்கரத்தைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை நாலைந்து தடவை அழுத்தி எழுப்புங்கள். கால்கள் இரண்டும் தம் இடைவெளியைத் தாமே சரிசெய்துகொள்ளும். அதன்பிறகு அச்சை இறுக்கலாம். அலுமினிய மரை எளிதில் நசியும். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நெம்ப வேண்டாம்.

முதல் ஓட்டம் வீட்டு வரிசைக்கு முன்னாலேயே, பின்னால் ஆளில்லாமல், மெதுவாக இருக்கட்டும். இரண்டு மூன்று இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். மூன்று நாள் கழித்து வெள்ளைத் துணியால் இரண்டு பைப்பையும் சுற்றித் துடையுங்கள். துணியில் மெல்லிய ஈரக்கோடு தெரிந்தால் அது புதுச் சீல் படியும்போது வருவது. ஒரு வாரம் விட்டு மறுபடி துடைத்துப் பாருங்கள். சொட்டாக வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் காலின் பைப்பை மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள்.